பேசுவார் இல்லாத மொழியும் படிப்பார் இல்லாத மொழியும்

மூன்று திங்களுக்கு முன் நம் சங்கக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், ஒருவர் தம் மனக்குறையை வெளியிட்டார். இன்டர்மீடியட் தேறிய அவருடைய மகள், பொறியியல் வேண்டாம், பழைய மொழியொன்றை எடுத்துப் படிக்கிறேன் என்று பிடிவாதம் செய்கிறாளாம். “செத்த மொழியைப் படித்துவிட்டுச் சோற்றுக்கு என்ன செய்வாள்?” என்று அவர் கேட்டதும் அருகிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

வீடு திரும்பிய பின் அந்தச் சிரிப்பு எனக்கே உறுத்தலாயிற்று. பேசுவார் அற்றுப்போன மொழிகளை இன்றளவும் உயர்ந்த படிப்பாகக் கருதிக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் உலகில் பல உள. அவ்வாறு கற்கப்படுவனவற்றுள் தலையாயவை கிரேக்கமும் இலத்தீனும். அவற்றைக் கற்றவர்களால் நம் தமிழ் பெற்ற நன்மை சிறிதன்று. நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவன், அம்மொழிகளைக் கற்றறியேன். ஆயினும் அவற்றின் வரலாற்றை ஓரளவு படித்தறிந்தேன். அதனை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்படிப்பு யாது?

பழைய கிரேக்கம் ஹோமரின் காவியங்களும், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகியோரின் தத்துவ நூல்களும் எழுந்த மொழி. இன்று கிரேக்க நாட்டில் பேசப்படுவது அதன் வழிவந்த புதிய வடிவம். இலத்தீன் உரோமப் பேரரசின் மொழி. இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்ச்சுக்கீசியம் ஆகியவை அதன் மக்கள். தாயை இன்று வீட்டுமொழியாகப் பேசுவோர் இல்லை. எனினும் அவள் விட்டுச்சென்ற நூற்செல்வம் அழியவில்லை.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு நான்காண்டு நடைபெறும். கேம்பிரிட்ஜில் இதற்கெனத் தனித்தேர்வு 1822-இல் ஏற்படுத்தப்பட்டது. மாணவர் இலக்கணம் மட்டும் பயில்வதில்லை. காவியம், நாடகம், வரலாறு, தத்துவம், சட்டம், சிற்பம், கல்வெட்டு, நாணயம் என ஒரு நாகரிகம் முழுவதையும் அதன் மொழி வழியாகவே நோக்குகின்றனர். பள்ளியில் இலத்தீன் படியாதவரும் இன்று அங்கே முதலிலிருந்து தொடங்கலாம்.

கற்கும் முறை கவனிக்கத்தக்கது. மாணவர் நாள்தோறும் சில வரிகளை எடுத்துக்கொள்வர். ஒவ்வொரு சொல்லும் பெயரா வினையா, எந்த வேற்றுமை, எந்தக் காலம், எந்தச் சொல்லோடு முடிகிறது என்று பிரித்துக் காட்டுவர். பிறகே பொருள் சொல்வர். “பாத்தெர் ஃபீலியும் அமாத்” என்றால், தந்தை மகனை நேசிக்கிறான் என்பது பொருள். சொற்களை இடம் மாற்றி “ஃபீலியும் அமாத் பாத்தெர்” என்றாலும் பொருள் மாறாது. “ஃபீலியும்” என்பதன் ஈற்றில் நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ போன்ற உருபு நிற்கிறது. ஆங்கிலத்தில் இடம் மாற்றினால் தந்தையும் மகனும் மாறிப்போவர். இலத்தீனுக்கு வேற்றுமை ஆறு, தமிழுக்கு எட்டு என்று எண்ணிப் பார்க்கையில், நம் பள்ளி இலக்கணம் வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது.

பூட்டாக இருந்த காலம்

இம்மொழிகள் நமக்கு எப்போதும் நன்மையே செய்தன என்று சொல்லிவிட இயலாது. ஒரு காலத்தில் அவை நம்மவரை வெளியே நிறுத்திய பூட்டாகவும் இருந்தன. இந்தியாவை ஆளும் சிவில் சர்வீஸ் உத்தியோகங்களுக்குப் போட்டித் தேர்வு நடத்த 1854-இல் மெக்காலே தலைமையிலான குழு திட்டம் வகுத்தது. அதன்படி கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், இலத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375, அரபு மொழிக்கு 375. தமிழுக்கும் தெலுங்குக்கும் அப்பட்டியலில் இடமே இல்லை. தேர்வில் வென்ற பிறகே மக்கள்மொழி கற்கும் கடமை வந்தது. ஆளப்படும் மக்களின் மொழியை அறியாதவனும், ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய உரோமரின் மொழியை அறிந்தால் அதிகாரியாகலாம் என்னும் நிலை அது. தேர்வும் இலண்டனில்தான் நடந்தது.

ஆனால் பூட்டு என்பது ஒருபுறம் இருக்க, அதே படிப்பைப் பெற்றுவந்த வேறு சிலர் நம் வீட்டுக் கதவையே நமக்குத் திறந்து காட்டினர்.

திறவுகோலான வரலாறு

இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி பாதிரியார், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்தார். இலத்தீன் கல்வியில் ஊறியவர். இங்கே வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணியும் சதுரகராதியும் அவர் இயற்றியவை. வழக்குத் தமிழுக்கு அவர் எழுதிய இலக்கணம் இலத்தீன் மொழியில் அமைந்தது. 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும், அதாவது 1,080 குறட்பாக்களை, அவர் இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியக் கல்வியுலகின் பொதுமொழியாக அன்று இலத்தீனே இருந்தமையால், வள்ளுவர் மேனாட்டுக்குப் பயணப்பட அது தக்க வாகனமாயிற்று.

அடுத்தவர் கால்டுவெல். அவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்கையில், கிரேக்கப் பேராசிரியர் சர் டேனியல் சாண்ட்ஃபோர்டு என்பவர் மொழிகளை ஒப்பிட்டு விளக்குவதைக் கேட்டு அத்துறையில் ஆர்வம் கொண்டார். 1838-இல் சென்னைக்கு வந்து, பின்பு நெல்லைச் சீமையில் இடையன்குடியில் தங்கினார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழும் தெலுங்கும் ஒரு குடும்பத்தவை என்ற உண்மையை 1816-லேயே எல்லிஸ் துரை எடுத்துக்காட்டியிருந்தார். கால்டுவெல் அதனை விரிந்த நூலாக நிலைநாட்டினார். கிளாஸ்கோவில் ஒரு கிரேக்க வகுப்பறையில் விழுந்த விதை, இடையன்குடியின் தேரிமணலில் முளைத்தது!

அவ்வொப்பீட்டின் சுவையைச் சித்தூர் மாவட்டத்தில் வாழும் நாம் நாள்தோறும் கடைத்தெருவில் காணலாம். நம் ‘கல்’ தெலுங்கில் ‘கல்லு’. நம் ‘ஊர்’ அங்கே ‘ஊரு’. பலமனேரைத் தாண்டிக் கன்னட எல்லைக்குள் போனால், நம் ‘பால்’ ‘ஹாலு’ ஆகிறது. ‘பல்’ ‘ஹல்லு’ ஆகிறது. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிகிறது. இதேபோல, ஏழு என்னும் எண் இலத்தீனில் ‘செப்தெம்’, கிரேக்கத்தில் ‘ஹெப்தா’. ஆறு என்பது அங்கே ‘செக்ஸ்’, இங்கே ‘ஹெக்ஸ்’. இலத்தீனின் சகரத்துக்குக் கிரேக்கத்தில் ஹகரம். ஒலிகள் மனம்போனபடி மாறுவதில்லை, ஒழுங்கோடு மாறுகின்றன என்ற விதி அங்கே கற்கப்பட்டது, இங்கேயும் பொருந்திற்று.

போப் ஐயரைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. 1839-இல் இந்நாடு வந்து, பல்லாண்டு தொண்டாற்றி, பின்னர் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1886-இல் திருக்குறளையும், 1893-இல் நாலடியாரையும், 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

இலத்தீன் வழியே தமிழுக்கு வந்த நம்மவர்

இவர்கள் மேனாட்டார், நம் நாட்டவர் எவரும் இல்லையோ என்று அன்பர்கள் கேட்கலாம். இருவரைச் சுட்டுகிறேன்.

முதல்வர் ஸ்ரீ அரவிந்தர். கல்கத்தாவில் 1872-இல் பிறந்து, ஏழாம் வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தாய்மொழியான வங்காளத்தைச் சரியாக அறியாமலே வளர்ந்தார்; ஆனால் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் தலைசிறந்து விளங்கினார். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் உதவிச்சம்பளம் பெற்றுப் படித்து, 1892-இல் அத்துறைத் தேர்வின் முதற்பகுதியில் முதல்வகுப்பில் தேறினார். 1890-லேயே சிவில் சர்வீஸ் எழுத்துத் தேர்விலும் வென்றிருந்தார். குதிரையேற்றத் தேர்வுக்குச் செல்லாமையால் அவ்வேலை கிட்டவில்லை. 1910-இல் புதுச்சேரி வந்தார். பாரதியாரின் தோழமை கிடைத்தது, தமிழ் பயின்றார். ஆண்டாள், நம்மாழ்வார், குலசேகராழ்வார் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தூய தமிழ்ச் சொற்கள் என்று கருதப்படுபவை சமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவை அறியத் தமக்கு வழிகாட்டின என்று எழுதினார். மொழிநூலார் அக்கொள்கையை ஏற்றிலர். எனினும், இலத்தீன் அறிந்த கண் தமிழைக் கண்டபோது எத்துணை வியப்புற்றது என்பதற்கு அது சான்று.

இரண்டாமவர் தனிநாயகம் அடிகள். 1913-இல் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர். உரோம் நகரில் குருத்துவக் கல்வி பயின்று, பழங்காலக் கார்த்தேஜ் நகரத்துக் குருமாரைப் பற்றி ஆய்ந்து பட்டம் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். தமிழை ஆழ்ந்து கற்றதோ திரும்பிவந்து வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில்தான். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழ் முதுகலை பயின்றார். 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கினார். 1964-இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் முன்னின்றார். பிறமொழிச் செல்வத்தைக் கண்டு மயங்கித் தாய்மொழியை மறந்தவர் பலர். அதனைக் கண்டதனாலேயே தாய்மொழியின் மதிப்பை உணர்ந்தவர் அடிகளார்.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. தமிழைச் செம்மொழியாக ஏற்கவேண்டும் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் 2000-இல் எழுதிய மடல் பெயர்பெற்றது. தாம் இலத்தீனும் கிரேக்கமும் சமஸ்கிருதமும் பயின்றவர் என்பதை அதில் குறிப்பிட்டே அவர் தமிழுக்காக வாதிட்டார். 2004-இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது. 2008-இல் நாம் வாழும் மண்ணின் மொழியாகிய தெலுங்கும் அச்சிறப்பைப் பெற்றது.

அவர்கள் ஏட்டில் நாம்

இனி மற்றொன்று. நம் முன்னோரைப் பற்றிய செய்திகள் பல அவ்விரு மொழிகளில்தான் பதிந்து கிடக்கின்றன. முசிறிக்கு யவனர் பொன்னொடு வந்து மிளகொடு சென்றதை அகநானூறு பாடுகிறது. அதே வாணிகத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத வணிகரொருவர் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கையேட்டில் எழுதிவைத்தார். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி இலத்தீனில் வருந்தினார். வியன்னா நகரில் காக்கப்படும் பாப்பிரசுத் தாளொன்று, முசிறி வாணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தையும், ‘ஹெர்மப்போல்லோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கையும் கிரேக்கத்தில் கூறுகிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த அத்தாள் 1985-இல்தான் அச்சில் வெளிவந்தது. சரக்கு ரசீதுகளோடு நாளைக் கழிக்கும் எனக்கு, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக்கு முந்திய எழுத்தர் ஒருவரின் கணக்கு இன்னும் பிழைத்திருக்கிறது என்பதில் தனி மகிழ்ச்சி.

நம் அண்டையிலும் சான்று கிடைத்தது. 1786-இல் நெல்லூருக்கு அருகே உழவர் ஒருவர் ஏர் உழுகையில் பானையொன்று தட்டுப்பட்டது. அதனுள் டிராஜன், ஹேட்ரியன் முதலிய உரோமப் பேரரசர்களின் காசுகள் இருந்தன. மறுபுறம், எகிப்தின் செங்கடற்கரையில் குசீர் அல் காதிம் என்ற பழந்துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்தது. அதில் இருந்த சொற்கள் பானையையும் உறியையும் குறிப்பன என்று ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். இச்சான்றுகளை ஒருங்கே வைத்து ஆராய, இருபுற மொழிகளும் தெரிந்தவர் வேண்டும். அத்தகையோர் நம்மிடையே மிகச் சிலரே. அந்த இடம் நம் பிள்ளைகளுக்காகக் காலியாகக் கிடக்கிறது.

நம் வீட்டுத் தமிழ்

இவ்வளவும் எழுதியது எல்லாரும் இலத்தீன் படிக்கக் கிளம்பவேண்டும் என்பதற்காக அன்று. வெளிநாட்டுப் படிப்பின் செலவு நம்மனோரால் தாங்கற்பாலதன்று. இங்கே அத்துறையில் ஆசிரியப் பணியிடங்களும் குறைவு. அதை மறைப்பது நேர்மையாகாது. நான் சொல்லவந்தது வேறு.

சில மாதங்களுக்கு முன் என் மகனை அழைத்துக்கொண்டு சித்தூரிலிருந்து காட்பாடி சென்றேன். மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவான். தெலுங்கும் ஆங்கிலமும் பிழையின்றிப் படிப்பான். காட்பாடியில் இறங்கியதும் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னேன். ஆங்கில வரியைப் படித்தான். தமிழ் வரியைச் சுட்டி, “இது?” என்றேன். “தெரியலைப்பா” என்றான். பழம் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். குறை அவனுடையதன்று.

அன்று கூட்டத்தில் ‘செத்த மொழி’ என்று சிரித்தோமே, அதனை எண்ணிப் பாருங்கள். இலத்தீனுக்கு நூல் உண்டு. பேசும் நா இல்லை. இங்கே வளரும் நம் பிள்ளைகளின் தமிழுக்கு நா உண்டு, நூல் இல்லை. நூலிருந்தும் நாவிழந்த மொழியை ஆசிரியரும் மாணவரும் நாள்தோறும் பத்து வரி படித்தே ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் காத்துவருகின்றனர். நூலிழந்த நாவோ ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு தலைமுறை நிற்கும். பிறகு பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் கடிதம் கல்வெட்டாகிவிடும்.

நாம் இருக்கும் இடமோ சாதாரண இடமன்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் கூறும் நிலத்துக்கு வடவெல்லையாக வைத்த வேங்கடம் நம் கண்ணெதிரே நிற்கிறது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்குச் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் மாறும். எல்லையில் வாழ்பவனுக்கு இரு மொழி என்ற பேறு மாறாது. பழமொழிகளைக் கற்க நெடுந்தொலைவு போகவும் வேண்டாம். திருப்பதியில் 1954-இல் தோன்றிய வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2020-இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நெறியைத் தொடர்வதற்கென்றே 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அன்பரின் மகள் கேட்பது கிடைத்தற்கரிய பொருள் அன்று.

ஏனைய வீடுகளுக்கு ஒரு சிறு வழி சொல்வேன். இலத்தீன் மாணவரின் முறையை நாம் கடன் வாங்குவோம். நாளொன்றுக்கு ஒரு குறள். முதலில் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். பிறகு ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, பெயரா வினையா என்று கேளுங்கள். அதே சொல் தெலுங்கில் உண்டா என்றும் கேளுங்கள். அதற்கு நம் பிள்ளைகளே நமக்கு ஆசிரியராவர். கால்மணி நேரம் போதும். 1,330 குறளும் முடிய மூன்றாண்டும் ஏறத்தாழ எட்டுத் திங்களும் ஆகும். ஆக்ஸ்போர்டு மாணவர் தம் பட்டத்துக்குச் செலவிடும் காலமும் ஏறக்குறைய அவ்வளவே!

என் வீட்டில் எழுத்துகளைக் கற்பித்தபின் இதைத் தொடங்கினோம். நாற்பதாம் குறளோடு ‘அறன் வலியுறுத்தல்’ அதிகாரம் சென்ற வாரம் முடிந்தது. சில நாள் இரவுப் பணியால் தடைப்பட்டது. மறுநாள் இரண்டாகப் படித்தோம். ஒரு சொல்லுக்கு எனக்கே பொருள் தெரியாமல் அகராதியைத் தேடவேண்டியும் வந்தது. அதைக் கண்டு என் மகனுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அன்பரின் மகள் நிரப்பிய விண்ணப்பத்தில் தந்தையின் கையெழுத்து இன்னும் விழவில்லை என்று கேள்வி. சோற்றுக்கு என்ன செய்வாள் என்ற அவருடைய கேள்வி தகப்பனுக்குரிய நியாயமான கேள்வி. அதனை நான் குறைத்துப் பேசேன். ஆசிரியப் பணி, நூலகப் பணி, மொழிபெயர்ப்பு, அரசுத் தேர்வுகள் எனச் சில வழிகள் உள்ளன என்பதை மட்டும் அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன். அன்று கூடிநின்று சிரித்தவர்களுள் ஒருவனாகிய நான், அச்சிரிப்பை இக்கட்டுரை வாயிலாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.